தொண்ணூறாவது நாளும் பதினாறடி ஏணியும்

அந்தத் தெருவில் கடைகள் அறுபத்திரண்டு. அந்தக் கடைகள் மேல் நிலுவையில் இருந்த வழக்குகள் அறுநூற்றுப் பதினெட்டு. இந்தக் கணக்கில் பொய் கிடையாது. இருந்திருந்தால் அதற்கும் யாராவது ஒருவர் வழக்குப் போட்டு அறுநூற்றுப் பத்தொன்பது ஆக்கியிருப்பார்கள்.

தெருவில் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. சண்டை வேலைவெட்டி இல்லாதவர்கள் போடுவது. இவர்களுக்கு எல்லாம் நேராக வக்கீல் நோட்டீஸ்தான். ஒருவர் முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வளர்த்த நாய்க்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, கடித்துவிட்டது. முடிதிருத்துபவர் மேல் வழக்கு. நாயையும் இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள். முடிதிருத்துபவராவது ஒரு வாய்தாவுக்கு வரவில்லை, நாய் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தையல்காரர் கண்ணாடிக்கடை மேல் போட்டார்: தான் தைத்த சட்டையில் குறையில்லை, கண்ணாடிதான் ஆளைக் குண்டாகக் காட்டுகிறது என்று. வழக்குக்குப் பயந்து கடைக்குக் கடை எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். 'தலை இடிக்கும், குனிந்து வரவும்' என்ற பலகையில் தலையை இடித்துக்கொண்டவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் தீர்ப்பு சாதகம்.

இந்தத் தெருவின் நடுவில்தான் ஏணியக்காவின் பட்டறை. பதினாலு பேர் வேலை பார்த்தார்கள். அலுமினியக் குழாயை அறுத்து, துளை போட்டு, ரிவெட் அடித்து ஏணி செய்வார்கள். ஒன்றுக்குள் ஒன்று நழுவி நீளும் இரட்டை ஏணிக்கு அவளே ஒரு பூட்டு கண்டுபிடித்திருந்தாள். 'க்ளிக்' என்று விழுந்தால் விழுந்ததுதான். யானை தொங்கினாலும் நழுவாது. அவள் ஏணியிலிருந்து இதுவரை ஒருவரும் விழுந்ததில்லை. ஆனாலும் அவள் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம் மூன்று வருடத்தில் நாலு மடங்காகி, இந்த வருடம் கேட்ட தொகைக்குப் பட்டறையையே விற்றாலும் பாதிதான் தேறும் என்ற இடத்துக்கு வந்து நின்றது.

மூன்று மாதத்துக்கு முன் இன்சூரன்ஸ் சர்வேயரைப் பிடித்து வைத்துக் கேட்டாள். சர்வேயர் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் அளவு நாடா, கையில் கோப்பு. பேசும்போதும் ஏதாவதொன்றை அளந்துகொண்டே இருப்பார்.

"என் பட்டறை மேல ஒரு கேஸ்கூட நிக்கலையே சார். எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்கு சார் காயணும்?"

"ஒரே முறத்துல கெடக்கீங்களே மேடம்," என்றார் சர்வேயர் மேசையை அளந்தபடி. "கேஸ்ல கடைக்காரர் தோத்தா நஷ்ட ஈடு கம்பெனி குடுக்கணும். ஜெயிச்சாலும் வக்கீல் ஃபீஸ் கம்பெனி குடுக்கணும். இந்தத் தெருவுல தோக்காத ஆளுன்னா அது வக்கீல் மட்டும்தான். அந்தக் காசு வானத்துலேருந்தா கொட்டும்? தெருவுல இருக்கற அத்தனை பாலிசி மேலயும் பிரிச்சுப் போடுவாங்க."

"நாங்க அதைச் சாமான் விலையில போடறோம். விலை ஏறிடுச்சுன்னு வாங்கறவங்க கேஸ் போடறாங்க."

"போடுவாங்க. மறுபடி பிரீமியம் ஏறும்."

"அப்ப இதுக்கு முடிவு?"

"கடையெல்லாம் மூடினா முடிவு," என்றவர், நாடாவைச் சுருட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஆனா கம்பெனிக்கும் அது கட்டுப்படியாகாது. பால் கறக்கணும்னா மாடு உயிரோட இருக்கணுமில்ல? ஒரு சலுகை வெச்சிருக்காங்க. தொடர்ந்து தொண்ணூறு நாள், இந்தத் தெருக் கடை எது மேலயும் புதுசா ஒரு வழக்கு பதிவாகக் கூடாது. அப்படி இருந்துட்டா அத்தனை பேருக்கும் பழைய பிரீமியம்."

அந்தத் தொண்ணூறாவது நாள் விழுந்த அன்றைக்கே ஏணியக்காவுக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. தீயணைப்புத் துறை நானூறு ஏணி கேட்டிருந்தது. பட்டறை ஆரம்பித்ததிலிருந்து வராத ஆர்டர். அதற்கான அலுமினியம் கூரை தொட அடுக்கிக் கிடந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் இன்சூரன்ஸ் சான்றிதழும் ஒரு மாதிரி ஏணியும் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்கு. பதினாலு பேரும் வீட்டுக்கு.

தொண்ணூறு நாள் வழக்கில்லாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அவர்களுக்கு நிபந்தனை ஏழு தெரியாது.

தெருவின் அத்தனை பாலிசியிலும் ஏழாவது நிபந்தனை இதுதான்: காப்பீடு செய்தவர் எந்தத் தவறையும் யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது, ஒப்புக்கொண்டால் பாலிசி செல்லாது. ஆகவே அந்தத் தெருவில் பதினோரு வருடமாக ஒருவர் வாயிலிருந்தும் 'மன்னிச்சுக்கோங்க' என்ற வார்த்தை வந்ததில்லை. ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால், "உங்கள் கால் என் செருப்பின் அடியில் இருப்பதாகத் தெரிய வருகிறது" என்பார். மிதிபட்டவர் "தெரிய வந்ததைக் குறித்துக்கொண்டேன்" என்று நேராக வக்கீலிடம் போவார். பழக்கம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஏணியக்காவின் கணவர் குழாயை மூடாமல் தூங்கிவிட்டு, காலையில் கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "குழாய் திறந்த நிலையில் காணப்பட்டது" என்றார். எந்தக் குற்றத்துக்கும் அந்த வீட்டில் எழுவாய் கிடையாது.

ஒரு மன்னிப்பில் முடிய வேண்டியதெல்லாம் இப்படித்தான் ஒரு வழக்காக முளைத்தது. என்றாலும் பழைய பிரீமியம் என்ற ஆசை தெருவையே ஆட்டிவைத்தது. எண்பத்தொன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டார்கள். முடிதிருத்துபவர் ஒவ்வொரு முடியாக, சம்மதம் கேட்டுக் கேட்டு வெட்டினார். இரண்டு கார்கள் உரசிக்கொண்டபோது, ஓட்டுநர்கள் இருவரும் இறங்கி ஒருவர் காரின் நிறத்தை மற்றவர் பாராட்டிவிட்டுப் போனார்கள். கத்தி விற்கும் கடைக்காரர் தொண்ணூறு நாளைக்குக் கத்தியை விற்காமல், கேட்டு வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கை மட்டும் நறுக்கிக் கொடுத்தார். கத்தி வெளியே போகாது.

எல்லாருக்கும் பயம் ஒரே ஒரு ஆள் மேல்தான். அவர் ஏணியக்காவின் சொந்தத் தாய்மாமன். பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். தெரு அவரை 'வாய்தா மாமா' என்றது. அறுநூற்றுப் பதினெட்டில் நூற்றுப் பதினாலு அவருடையது. சட்டைப்பையில் எப்போதும் பூர்த்தி செய்த வழக்கு மனு ஒன்று இருக்கும். பிரதிவாதி பேர் மட்டும் காலி. அக்காள் மகள் என்று பார்க்காமல் அவள் மேலேயே ஒருமுறை போட்டிருக்கிறார்: ஏணியின் நிழல் தன் ரோஜாச் செடியில் விழுந்தது என்று. தள்ளுபடி ஆயிற்று. ஏணி இரவில் சாத்தப்பட்டது என்று நிரூபணமாகிவிட்டது.

இந்த மூன்று மாதமும் கடைக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு மாமாவுக்குக் காவல் வந்தார்கள். முன்னால் ஒருவர் கல்லைப் பொறுக்கிக்கொண்டு போவார். பின்னால் ஒருவர், மாமா சாய்ந்தால் தாங்க ஒரு தலையணையோடு போவார். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. தேவையில்லாமல் நாலு தரம் தெருவைச் சுற்றி வந்தார்.

தொண்ணூறாவது நாள் காலை பத்து மணிக்கே சர்வேயர் கோப்பு, முத்திரை சகிதம் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னல் நாலு மணிக்கு மூடும். மூடியவுடன் சான்றிதழில் முத்திரை. அக்காவின் கணவர் அந்த ஜன்னல் எதிரே பெஞ்சு போட்டுக் காவல் இருந்தார். அரைமணிக்கொரு தரம் போன் வந்தது.

"ஒரு ஈ, காக்கா வரலை. கிளார்க் தூங்கறாரு."

"எழுப்பிடாதீங்க!" என்றாள் அவள்.

மாமாவைத் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று கீழே வரவழைத்தாள். மரக்கடையிலிருந்து ஏழு பேர் உட்கார்ந்து பார்த்த நாற்காலி வந்தது. காபி வந்தது.

"இது என்ன, ஆறிப்போய்க் கெடக்கு?" என்றார் மாமா.

"சூடா இருந்தா நாக்கு சுட்டுடுமே மாமா."

"ஆறின காபி மன உளைச்சல் மருமகளே. மன உளைச்சலுக்கு ஒரு தனிப் பிரிவே இருக்கு, தெரியுமில்ல?"

சர்வேயரின் பேனா விறைத்து நின்றது. அக்கா பாய்ந்து போய் டம்ளரைப் பிடுங்கி, இளஞ்சூட்டில் வேறு காபி கொண்டுவந்து, ஊதியும் கொடுத்தாள். மாமா குடித்தார். மணி இரண்டு. மூன்று. மூன்றேகால். இன்னும் நாற்பத்தைந்தே நிமிஷம்.

மூன்று இருபதுக்கு அவள் மாதிரி ஏணியைத் தோளில் தூக்கினாள். வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டால் முத்திரை விழுந்ததும் வண்டியில் ஏற்றிவிடலாம். பதினாறடி இரட்டை ஏணி. புத்தம் புதுசு, பளபளவென்று. அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அடித்தது. தீயணைப்பு நிலையமாகத்தான் இருக்கும்! ஏணியோடு அப்படியே திரும்பினாள்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். பதினெட்டு வருடத்தில் அவள் அதை மறந்தது அந்த ஒரு தடவைதான்.

மாமா நல்ல விழிப்பான மனிதர். ஏணி வருவதைப் பார்த்தார். குனிந்தார். குனிந்த தலை நேராக இரண்டு படிகளுக்கு நடுவே நுழைந்தது. அவர் நிமிர்ந்தார். உள் ஏணி ஒரு சாண் நழுவியது.

க்ளிக்.

பட்டறையில் பதினாலு பேரும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மாமாவின் கழுத்தில் ஏணி காலர் மாதிரி உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் எட்டடி, இடப்பக்கம் எட்டடி. கழுத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. தலைக்குத்தான் வழி இல்லை.

"உங்கள் தலை..." என்று ஆரம்பித்தாள் அக்கா. தெருவின் பாஷைதான் முதலில் வந்தது. "உங்கள் தலை எங்கள் ஏணிக்குள் இருந்த நிலையில்..."

"காணப்படுதா? காணப்படுதா!" மாமா முகம் மலர்ந்தது. மனிதருக்கு எழுபத்திரண்டு வயது; ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். "சாட்சி பதினாலு பேரு! கூடவே இன்சூரன்ஸ்காரரே சாட்சி! இப்படி ஒரு கேஸ் என் ஆயுசுல கெடைச்சதில்லடி!"

"மாமா, படுங்க. ரெண்டு பேர் பிடிச்சா ஒரு நிமிஷத்துல கழட்டிடலாம்."

"தடயத்தைக் கலைக்கப் பாக்கறியா?" என்றார் மாமா. சுவரில் மணி மூன்று இருபத்திரண்டு. பையில் கைவிட்டு மனுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீதிபதியே நேர்ல பாக்கட்டும்." நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி வாசலைத் தாண்டினார். தெருவில் இறங்கினார்.

அந்தத் தெரு அப்படி ஓர் ஊர்வலத்தைக் கண்டதில்லை. முன்னால் மாமா, நீதியின் தராசுத் தண்டே இறங்கி நடந்து வருகிற மாதிரி. பின்னால் ஏணியக்கா. அவளுக்குப் பின்னால் கோப்பை அணைத்துக்கொண்டு சர்வேயர். அவருக்குப் பின்னால் பதினாலு தொழிலாளர்கள், எல்லாருக்கும் பின்னால் அன்றைய முறைக்காரர், தலையணையோடு.

மாமா நேராகப் போயிருந்தால் சேதமில்லை. ஆனால் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பதில் சொல்லும் மரியாதைக்காரர்.

"என்ன மாமா இது?" என்றார் தையல்காரர்.

மாமா திரும்பினார். ஏணியின் பின்முனை கண்ணாடிக்கடைக்குள் போய் ஒரு நிலைக்கண்ணாடியைச் சில்லாக்கிவிட்டு வந்தது.

"ஐயோ!" என்றாள் கண்ணாடிக்கடை அம்மாள்.

மாமா அந்தப் பக்கம் திரும்பினார். தையல்காரரின் எச்சரிக்கைப் பலகை பறந்தது. அது போய் விழுந்தது முடிதிருத்தும் கடையில். அங்கே முடிதிருத்துபவர் திடுக்கிட்டு, சம்மதம் கேட்காமலேயே ஒருவருக்குப் பாதி மீசையை எடுத்துவிட்டார். கோர்ட் வாசல் வருவதற்குள் பலகைகள் நாற்பத்தொன்று, பூந்தொட்டிகள் பன்னிரண்டு, குடைக்கடையின் எல்லாக் குடைகளும் விரிந்த நிலையில். ஏணியில் ஒரு கீறல் இல்லை. இத்தனை கலவரத்திலும் அக்கா அதைக் கவனித்தாள்; தொழில் புத்தி.

"மாமா, நில்லுங்க! நானூறு ஏணி மாமா! பதினாலு குடும்பம்!"

"எனக்கு ஒரே கழுத்துதாண்டி!"

நீதிமன்ற வாசலில் பெரிய இரும்புக் கதவு சாத்திக் கிடந்தது. பக்கத்துச் சின்னக் கதவுதான் திறந்திருந்தது. குறுக்காக ஏணி நுழையவில்லை. நீளவாக்கில் விட்டுப் பார்த்தார். முன்முனை காவலாளியின் கூண்டில் போய் முட்டியது. உள்ளிருந்து அக்காவின் கணவர் ஓடி வந்தார்.

"இன்னும் பதினோரு நிமிஷம்!" என்று கத்தியவர், மாமாவைப் பார்த்ததும், "மாமா ஏணிக்குள்ள காணப்படறாரே," என்றார்.

"பெரிய கதவைத் தொறங்க," என்று மாமா காவலாளிக்கு உத்தரவு போட்டார். "மனு குடுக்க வந்திருக்கேன்."

மனு என்ற வார்த்தைக்கு அங்கே மரியாதை அதிகம். காவலாளி சாவி எடுக்கப் போனார். சாவிக்கொத்து வந்தது, மூன்றாவது சாவி சேர்ந்தது, பெரிய கதவு கிறீச்சிட்டுக்கொண்டு திறந்தது. மணி மூன்று ஐம்பத்து நான்கு. முற்றத்தின் அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்குள் கிளார்க் விழித்துக்கொண்டு மை தொட்ட முத்திரையைத் தயாராக வைத்தார். மாமாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருபது அடி வெற்றுத் தரையும் ஏணியக்காவும்தான்.

"வழியை மறிச்சு நில்லு," என்று கணவர் கிசுகிசுத்தார்.

"மறிச்சா அது தனி கேஸ்," என்றார் மாமா. காது கூர்மை. "நான் உன்கிட்ட ஒன்னுதான் கேக்கறேன் மருமகளே. நான் சும்மா உக்காந்து காபி குடிச்சுட்டு இருந்தேன். என் தலையை ஏணிக்குள்ள மாட்டினது யாரு? வாயைத் தொறந்து சொல்லு பாப்போம். சொல்ல மாட்டே. இந்தத் தெருவுல எவனும் சொல்ல மாட்டான். நூத்திப் பதினாலு தரம் கேட்டுட்டேன். 'காணப்பட்டது', 'தெரிய வந்தது', 'நேரிட்டது'. சரி, அப்ப நீதிபதியே சொல்லட்டும்னுதான் ஒவ்வொரு தரமும் இங்க நடக்கறேன்."

அக்கா பின்னால் பார்த்தாள். சர்வேயர் கோப்பைத் திறந்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தார். நிபந்தனை ஏழு. சொன்னால் பாலிசி போகும். முன்னால் பார்த்தாள். மாமா மேல்மூச்சு வாங்க நின்றார். காதோரம் தோல் சிராய்த்துச் சிவந்திருந்தது. சொல்லாவிட்டால் மனு பதிவாகும். அப்போதும் பாலிசி போகும். எப்படியும் போகப்போகிற பாலிசி.

"நான்தான் மாமா," என்றாள்.

ஓரடி முன்னால் வந்தாள்.

"ஏணியைத் தோள்ல வெச்சுட்டுத் திரும்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். போன் அடிச்சதும் அவசரத்துல பாக்காமத் திரும்பிட்டேன். என் தப்புதான். உங்களுக்கு வலிச்சிருக்கும். மன்னிச்சுடுங்க மாமா."

பதினாலு தொழிலாளர்களில் இரண்டு பேர் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் அர்த்தம் கேட்டார்கள். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மாமாவுக்கு ஞாபகம் வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று சொல்வார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"மன்னிச்சுடுங்க."

"ம்," என்றார் மாமா. கையில் இருந்த மனுவைப் பார்த்தார். அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "காபியும் நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது கொண்டு வந்தது."

"மூணு அம்பத்தாறு," என்று சர்வேயர் எழுத ஆரம்பித்தார். "காப்பீடு செய்தவர் பொறுப்பை ஒப்புக்கொண்டார். நிபந்தனை ஏழின்படி..."

மாமா விருட்டென்று திரும்பினார். எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். ஏணி தலைகளுக்கு மேல் விசிறிக்கொண்டு போனது.

"யாரு, எதை, யார்கிட்ட ஒத்துக்கிட்டாங்க?" என்றார்.

"மேடம், உங்ககிட்ட..."

"நான் யாரு? வாதியா? மனு எங்க?"

"உங்க பையில இருக்கு."

"பையில இருக்கறது காகிதம்! ஜன்னல்ல குடுத்தாத்தான் மனு. மனு இல்லாம வாதி ஏது? வாதி இல்லாம பொறுப்பு ஏது? பொறுப்பே இல்லாதப்ப அதை எப்படிய்யா ஒத்துக்க முடியும்? ஒரு மருமக மாமன்கிட்ட குடும்ப விஷயம் பேசிட்டு இருக்கா. உங்க பாலிசியில குடும்பத்துக்கு எத்தனாவது நிபந்தனை?"

சர்வேயர் பக்கங்களைப் புரட்டினார். "அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆனா நான் கேட்டதை எழுதியாகணுமே."

"தாராளமா எழுதுங்க. எழுதின மறு நிமிஷம் உங்க கம்பெனி மேல போடறேன். கீழ்க் கோர்ட், மேல் கோர்ட், அதுக்கு மேல ஒன்னு இருந்தா அங்கயும். எனக்கு வேற வேலை இல்ல. எங்க வம்சத்துல எல்லாருக்கும் ஆயுசு கெட்டி. எங்கப்பா தொண்ணூத்தெட்டு வயசு வரைக்கும் வாய்தா வாங்கினாரு."

சர்வேயர் தன் தொழிலில் சூரர். கோப்பின் ஓரத்தில் கணக்குப் போட்டார். மாமாவுக்கு எழுபத்திரண்டு. தொண்ணூற்றெட்டு வரை இருபத்தாறு வருடம். வருடத்துக்கு எட்டு வாய்தா. வாய்தாவுக்கு ஒரு வக்கீல், ஒரு உதவி வக்கீல், இரண்டு பேருக்கும் சாப்பாடு. கூட்டிப் பார்த்தார். அக்காவுக்குப் பழைய பிரீமியமே போட்டுவிடலாம். அடுத்த முப்பது வருடத்துக்குக் காபி பலகாரமும் வாங்கிக் கொடுக்கலாம். அப்போதும் கம்பெனிக்கு லாபம்.

எழுதியதைச் சிவப்புக் கோட்டால் அடித்தார். "என் காதுல ஒன்னும் விழலை," என்றார். "தெரு ரொம்பச் சத்தம்."

அதே நேரம் முற்றத்தின் அந்தப் பக்கம் ஜன்னலின் இரும்புத் தட்டி தடாலென்று விழுந்தது. மணி நாலு.

பின்னாலேயே ஓடி வந்த கடைக்காரர்கள் முற்றத்தை நிறைத்திருந்தார்கள். தெருவே கத்தியது. கண்ணாடிக்கடை அம்மாள் தையல்காரரைக் கட்டிப்பிடித்தாள். பத்து வருடமாக வழக்கு நடத்துகிற ஆட்கள். தலையணைக்காரர் தலையணையை ஆகாயத்தில் வீசினார். பாதி மீசைக்காரர் மிச்சப் பாதியைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"முத்திரை சார்! முத்திரை!" என்று அக்கா குதித்தாள்.

சான்றிதழில் முப்பத்திரண்டு கட்டம். சர்வேயர் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்துவிட்டுத்தான் நிரப்பினார். எழுத மேசை இல்லாததால் மாமாவின் இடப்பக்க ஏணியே மேசை.

"அசையாதீங்க."

"மூச்சு விடலாமா?" என்றார் மாமா.

நாலு முப்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. அக்கா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு பேருந்தையும் இரண்டு சைக்கிள்களையும் முந்தினாள் என்று பேருந்து ஓட்டுநரே பின்னால் ஒப்புக்கொண்டார். அவர் அந்தத் தெருக்காரர் இல்லை. நிலைய அதிகாரியின் மேசையில் சான்றிதழை வைத்தபோது நாலு ஐம்பத்தொன்று.

அதிகாரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சரியா இருக்கு. மாதிரி ஏணி எங்க?"

அக்கா மூச்சுக்குத் திணறிக்கொண்டே வாசலைக் காட்டினாள். "வருது சார். நடந்து வருது."

வந்தது. ஒரு முனையைக் கணவரும் மறுமுனையைச் சர்வேயரும் பிடித்திருக்க, பூட்டைத் திறக்கத் தெரிந்தவள் முன்னால் ஓடிவிட்டதால் நடுவில் இன்னும் மாமா. அதிகாரி எழுந்து வந்து ஏணியைச் சுற்றி நடந்தார். தட்டிப் பார்த்தார். இரண்டு ஆட்களை விட்டு முனைகளைப் பிடித்து இழுக்கச் சொன்னார். பூட்டு அசையவில்லை. மாமாவின் கண்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன.

"இவர் எதுக்கு உள்ள?"

"பூட்டு நிக்குதான்னு பரிசோதனை," என்றார் மாமா மிடுக்காக. "ஒரு தெருவை மொத்தமா இடிச்சுட்டு வந்திருக்கு. வேணும்னா விசாரிச்சுக்கோங்க. இன்னும் நழுவலை."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். நானூறு ஏணி என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மணி நாலு ஐம்பத்தேழு. அக்கா அந்தக் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தண்ணீர் வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு மாமாவைத் தரையில் கிடத்தினார்கள். அவள் பூட்டைத் தூக்க, இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள் ஏணியைப் பிடித்து இழுக்க, தலை வெளியே வந்தது. வரும்போது மற்றொரு காதும் லேசாக உராய்ந்தது.

"ஐயையோ, மன்னிச்சுடுங்க பெரியவரே," என்றார் ஒரு வீரர்.

மாமா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

"போதும்பா, போதும். ஒரு நாளைக்கு ஒன்னுக்கு மேல எனக்குத் தாங்காது."